நரை கண்டவள்

அத்தியாயம் 14

பெரியவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போன நாளிலிருந்து அம்மாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

ஒரே வீடுதான். கீழே பேக்கரி, நடுவில் அம்மா, மாடியில் மகன் குடும்பம். படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் அவள் சுவரைப் பார்ப்பாள், அவன் கைப்பிடியைப் பார்ப்பான். இரண்டு பேருக்கும் நடுவே தூது போய்ப் போய் மருமகளுக்குத்தான் முழங்கால் தேய்ந்தது.

அன்று காலையும் அவள் வந்து நின்றாள்.

"அத்தை, அவர் இன்னிக்கும் வேணாம்னுதான் சொல்றார்."

"அவன் கத்தறது எனக்கு இங்கேயே கேக்குது. நீ எதுக்கு மாடி ஏறி இறங்கறே?" அம்மா மேசையில் கிடந்த மாவை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித் தள்ளி, மடித்து, திருப்பி, மறுபடியும் தள்ளினாள். "ஆஸ்பத்திரிக்கு வரேன்னானா, இல்லியா?"

"டயாலிசிஸ் நாள் அத்தை. வந்துதானே ஆகணும்."

"அது போதும்."

லிப்ட் மெக்கானிக்கான பெரியவனுக்கு நாற்பத்து நாலு வயது. இரண்டு கிட்னியும் கைவிரித்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் இயந்திரத்தோடு கிடந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். மாற்றுக் கிட்னி ஒன்றுதான் வழி. மனைவியின் ரத்த வகை சேரவில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் தங்கை ஓடிப்போய்ப் பரிசோதனை செய்துகொண்டாள்; 'பொருந்தலையாம்' என்று திரும்பி வந்தாள். அப்புறம்தான் அம்மா, "என்னை ஏன் யாரும் கேக்கலை?" என்றாள்.

யாரும் கேட்காததற்குக் காரணம் அவளுடைய வயது. அறுபத்தொன்பது.

ரத்தம் பொருந்தியது. ஸ்கேன் பார்த்தவர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை பிறந்த தேதியைச் சரிபார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே என்றுதான் மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என்னைப் பெத்தவளை அறுத்துத்தான் நான் உயிரோட இருக்கணுமா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

இன்று இரண்டே இரண்டு வேலை பாக்கி. அம்மாவின் இதயம் தாங்குமா என்று டிரெட்மில் என்கிற ஓடும் பட்டையில் நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு டாக்டர்கள் குழு உட்கார்ந்து முடிவைச் சொல்லும். தானம் கொடுப்பவரும் சம்மதிக்க வேண்டும், வாங்குபவரும் சம்மதிக்க வேண்டும். வாங்க வேண்டியவன் மாடியில் உட்கார்ந்துகொண்டு முரண்டு பிடிக்கிறான்.

மாவை ஈரத்துணி போட்டு மூடிவிட்டு, அம்மா மூலையிலிருந்த மைதா மூட்டையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தாள்.

"ஐயோ அத்தை! இன்னிக்காவது விடுங்களேன்!"

"இன்னிக்கு மட்டும் மூட்டை தானா நடந்து வருமா?" ஒரே மூச்சில் தூக்கி மேசையோரம் வைத்தாள். "முதல் தட்டு வேகறப்ப அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்க்காதே. பன்னு கோவிச்சுக்கும். உப்பாது."

வாசலில் டாக்ஸி வந்து நின்றது. சின்னவள் இறங்கினாள். கழுத்தில் எப்போதும் போல விசில். லீவு போட்டுவிட்டு வந்த நாளிலும் அதைக் கழற்ற மறந்திருந்தாள். இந்த விசிலால்தான் அண்ணன் அவளுக்கு 'விசில்' என்றே பேர் வைத்திருந்தான். கையில் ஒரு ஜோடி பழைய கான்வாஸ் ஷூ.

"போட்டுக்கோ. செருப்போட அந்தப் பட்டையில நடக்க விடமாட்டாங்க."

அம்மா முக்காலியில் உட்கார்ந்து காலை நுழைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. எழுந்து இரண்டு தரம் குதித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இத்தனை நாள் ஏன் எனக்கு யாரும் வாங்கித் தரலை?"

மருமகள் சிரித்துவிட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை. டாக்ஸியில் ஏறியதிலிருந்து ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

*

இதயப் பரிசோதனை அறை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில். வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரியவன் தனியே வந்து டயாலிசிஸுக்குப் படுத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டது; இங்கே பெயரைக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது.

"விசிலு, என்னடி? காலையிலேருந்து உம்முன்னு வரே?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாமத்தான் நகத்தைத் தின்னுட்டு இருக்கியா?"

சின்னவள் நகத்தை விட்டாள். பிறகு யாரோ முதுகில் தட்டியது போல மடமடவென்று பேச ஆரம்பித்தாள்.

"அம்மா, வேணாம். அண்ணன் சொல்றதுதான் சரி. இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்போம். இறந்தவங்க கிட்னிக்குப் பதிஞ்சுதானே வச்சிருக்கோம். எப்பவாவது வரும்."

"எப்பவாவது வர்றதுக்குள்ள அவன் எப்படி இருப்பான்? அவன் மூஞ்சியைப் பார்த்தியா? சாம்பல் பூசினாப்பல இருக்கு."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்?"

"உனக்கு எழுபது வயசாகப் போகுதும்மா!"

"ஆகட்டுமே. என் ரத்தத்துல சர்க்கரை இல்ல, உப்பு இல்ல, கொழுப்பு இல்லன்னு அந்தக் கிட்னி டாக்டரம்மாவே சொன்னாங்க. நீதானே பக்கத்துல இருந்தே? என்னத்தைக் கண்டு பயப்படறே?"

சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கொடுக்க வேண்டியது நீ இல்லம்மா. நான். நாப்பத்தொரு வயசு எனக்கு. கொடுக்க முடியாமப் போனதுக்குக் காரணம் பொருத்தம் இல்ல."

அம்மா திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாம் பொருந்திச்சும்மா. அண்ணனுக்கும் எனக்கும் அப்படியே பொருந்திச்சு. ஆனா எனக்குச் சர்க்கரை. நல்லா ஏறியே இருக்காம். 'முதல்ல உங்க உடம்பைப் பாருங்க'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க." குரல் உடைந்தது. "ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் 'ஓடு, ஓடு'ன்னு விசில் அடிக்கறேன். நான் நிழல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து இருக்கேன். எத்தனை வருஷம் ஆச்சோ நான் ஓடி! இதை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உன்கிட்ட சொல்றது? நான் உடம்பைப் பார்த்துக்காததால நீ கத்திக்குக் கீழ படுக்கணுமா?"

அம்மாவின் கணவர் ஐம்பத்திரண்டு வயதில் அடுப்பு முன்னாலேயே சாய்ந்தவர். ரத்த அழுத்தம். மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'எனக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கேன்' என்று டப்பாவைத் திறக்கவே இல்லை. மகனுக்கும் அதே ரத்த அழுத்தம்தான். தலைவலி வரும்போதெல்லாம் ஒரு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு லிப்ட் குழிக்குள் இறங்கிவிடுவான். அந்த அழுத்தம்தான் சத்தம் போடாமல் கிட்னியைத் தின்றது. இப்போது இவள்.

"மருந்து சாப்பிடறியா?" என்றாள்.

சின்னவள் கழுத்திலிருந்த விசிலைத் திருகினாள்.

"அப்ப இன்னும் டாக்டர்கிட்டயே போகலை."

"அண்ணனுக்கு நல்லாகட்டும், அப்புறம் பார்க்கலாம்னு…"

"அப்புறம் அப்புறம்னு சொல்லித்தான்டி நம்ம வீட்டு ஆளுங்க போய்ச் சேர்றாங்க."

அம்மாவுக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மகளின் கை என்னவோ தானாகவே அவள் கைக்குள் வந்திருந்தது. அதை விடவும் மனசு வரவில்லை. அந்தச் சமயம் பார்த்து அறைக் கதவு திறந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

*

தொளதொளவென்று ஒரு சட்டையைக் கொடுத்து, நெஞ்சைச் சுற்றி ஒயர்களை ஒட்டினான் டெக்னீஷியன். கையில் ரத்த அழுத்தப் பட்டை. எதிரே திரையில் பச்சைக் கோடு குதித்துக் குதித்து ஓடியது.

"பாட்டி, பயப்படாதீங்க. முதல்ல மெதுவாப் போகும். அப்புறம் மேடு ஏறுற மாதிரி இருக்கும். முடியலன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

"முடியலன்னா சொல்றேன். நீ முதல்ல பாட்டின்னு கூப்பிடறதை நிறுத்து."

காலடியில் பட்டை நகர ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் கையை வீசி நடந்தாள் அம்மா. இத்தனை வருடம் அடுப்புக்கும் மேசைக்கும், மேசைக்கும் கிடங்குக்கும் நடந்த நடைதான். அது யாருக்கும் கண்ணில் பட்டதில்லை. இப்போது அதையே ஒயர் ஒட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பட்டை சாய்ந்தது. வேகம் கூடியது. மூச்சு வாங்கியது, ஆனாலும் இழுத்து விட முடிந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. சின்னவளின் ஷூ 'தப் தப்' என்று தாளம் போட்டது.

நிமிர்ந்தபோது கதவின் கண்ணாடிச் சதுரத்தில் ஒரு முகம் தெரிந்தது. பெரியவன்.

டயாலிசிஸ் முடிந்து நேராக வந்திருக்கிறான். ஊசி குத்திய இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றான். நிற்கவே அவனுக்குத் தெம்பில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருந்தான். தங்கை பக்கத்தில் வந்து ஏதோ சொன்னாள். அவன் திரும்பவில்லை.

அம்மா அவனைப் பார்த்துவிட்டு, டெக்னீஷியனைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வேகம் வை."

"இதுக்கு மேல உங்க வயசுக்கு வைக்க வேண்டியதில்லைங்கம்மா. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு."

"என் வயசை விடு. அந்தக் கோடு என்ன சொல்லுது?"

உள்ளே உட்கார்ந்து திரையைக் கவனித்துக்கொண்டிருந்த இதய டாக்டர் தலையை நிமிர்த்தினார். இளம் பெண். இதுவரை வாயே திறக்காதவர்.

"கோடு நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு கட்டம் ஏத்துங்க. நானும் பார்க்கறேன்."

பட்டை இன்னும் சாய்ந்தது. இப்போது அம்மா நிஜமாகவே மலை ஏறினாள். காலுக்குள் அனல் ஏறியது. நெஞ்சு 'திம் திம்' என்று அடித்தது. அடிக்கட்டும். அது வேறு எதற்கு இருக்கிறது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவனை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடந்தாள்.

"போதும்மா!" டாக்டர் எழுந்து வந்தார். சிரித்துக்கொண்டிருந்தார். "காலையிலேருந்து எத்தனையோ பேர் இதுல நடந்தாங்க. உங்களுக்குப் பாதி வயசுக்காரங்க பாதியிலேயே கையைத் தூக்கிட்டாங்க."

"ஓடுதா, ஒழுங்கா?"

"ஓடுதாவா? ஜம்முனு ஓடுது."

*

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது பெரியவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அம்மா உட்கார்ந்தாள். இன்னும் மூச்சு வாங்கியது.

அவன்தான் முதலில் பேசினான். எத்தனை நாள் கழித்து!

"ஏன்மா இப்படி? விழுந்திருந்தா?"

"விழலையே."

"உன் வயசுக்கு…"

"உன் தொழில்ல ஒண்ணு சொல்லுவியே, ஞாபகம் இருக்கா? பழைய கட்டடத்துல போய் நிப்பே. 'இந்த லிப்ட் ரொம்ப வருஷத்துது, கழட்டிப் போட்டுடலாமா'ன்னு கட்டடக்காரன் கேப்பான். நீ என்ன சொல்லுவே?"

சின்னவள்தான் எதிர் நாற்காலியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "தாங்குதான்னு எடையைக் கட்டிப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்னு சொல்லுவான்."

"ஆங்! அப்பேர்ப்பட்டவன் அம்மாவை மட்டும் பிறந்த வருஷத்தைப் பார்த்துக் கழிச்சுப் போடறான்." அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "கட்டியாச்சுடா எடையை. உன் கண்ணு முன்னாடி கட்டியாச்சு. தாங்குது."

"நீ லிப்ட் இல்லம்மா." அவன் குரல் கம்மியது. "அப்பா போனப்புறம் ஒத்தை ஆளா அடுப்புல வெந்து எங்களை ஆளாக்கினே. இப்ப உட்கார வேண்டிய வயசுல உன்னைக் கொண்டுபோய்… நான் ஒழுங்கா மாத்திரை போட்டிருந்தா இதெல்லாம் வேணுமா? என் முட்டாள்தனத்துக்கு நீ ஏன் விலை கொடுக்கணும்?"

அப்படியா விஷயம் என்று அம்மாவுக்கு இப்போதுதான் விளங்கியது. இத்தனை நாள் அவன் பயப்படுகிறான் என்றே நினைத்திருந்தாள். பயம் மட்டும் இல்லை. அவன் வெட்கப்படுகிறான். மகளும் அதே வெட்கத்தோடு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற இரண்டும் ஒரே மாதிரி.

"சின்ன வயசுல மரத்துலேருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டே. 'உன் தப்பு, நீயே பார்த்துக்கோ'ன்னா விட்டேன்? தூக்கிட்டு ஓடலை? இப்பவும் தூக்கிட்டு ஓடறேன், அவ்வளவுதான். என்ன, இப்பக் கொஞ்சம் கனமாயிட்டே."

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். சிரிப்பை அடக்குகிறானா அழுகையையா என்று தெரியவில்லை.

*

டாக்டர்கள் குழு அம்மாவைத் தனியாகத்தான் கூப்பிட்டது. அது முறையாம். நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அம்மாவுக்குப் பழக்கமான கிட்னி டாக்டரம்மா, மனநல ஆலோசகர், நடுவில் ஆபரேஷன் செய்யப்போகும் பெரிய டாக்டர்.

ஆலோசகர் மெதுவாக ஆரம்பித்தார். "உங்களை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? வீட்டுல, சொந்தக்காரங்க யாராவது?"

"என்னைக் கட்டாயப்படுத்தி ஒரு பன்னுகூட வாங்க முடியாதுங்க. என் மகன்தான் வேணாம்னு நிக்கறான். கட்டாயப்படுத்தறது நான்."

கிட்னி டாக்டரம்மா குனிந்து சிரிப்பை மறைத்தார். பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. தாள்களைப் புரட்டினார்.

"டெஸ்ட் எல்லாம் நல்லா இருக்கு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா உங்க குடும்பத்துல பெண்கள் யாருமே நீண்ட நாள் இருந்ததா தெரியலையே. உங்க அம்மா?"

"முப்பத்து நாலு வயசுல போயிட்டாங்க."

"அவங்க அம்மா?"

"காய்ச்சல். என்ன காய்ச்சல்னு சொல்ல ஆள் இல்ல. எத்தனை வயசுன்னும் தெரியாது."

"கூடப் பிறந்த பெண்கள்?"

"அக்கா ஒருத்தி. அம்மை போட்டிச்சு. பாவாடை நாடா கட்டத் தெரியாத வயசு."

பெரிய டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதான் யோசிக்கறேன். இத்தனை பேர் சின்ன வயசுல போயிருக்காங்க. பரம்பரையா ஏதாவது இருந்தா…"

"பரம்பரையா ஒண்ணுதான் டாக்டர் இருந்தது. பக்கத்துல ஆஸ்பத்திரி இல்ல."

அம்மா நிறுத்தவில்லை.

"எங்கம்மா போனது அஞ்சாவது பிரசவத்துல. ரத்தம் நிக்கலை. வண்டி தேடி ஓடினாங்க. வண்டி வந்தது. அம்மா இல்ல. அவங்க உடம்பு நல்ல உடம்பு. என்னை மாதிரியே இருப்பாங்களாம். என் உடம்பு எங்கேருந்து வந்ததுன்னு நினைக்கறீங்க? அவங்ககிட்டேருந்துதான். எனக்கு அம்மைக்கு ஊசி போட்டாங்க. குழாயில நல்ல தண்ணி வந்தது. ரெண்டு பிரசவத்தையும் ஆஸ்பத்திரியில பார்த்தாங்க. அதனால நான் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன். அவங்களுக்கும் கிடைச்சிருந்தா அவங்களும் உட்கார்ந்திருப்பாங்க."

அழக்கூடாது என்று வந்திருந்தாள். அழவில்லை.

"எனக்கு முதல் நரை காதோரமா வந்தது. கண்ணாடியில பார்த்துட்டுச் சிரிச்சேன். என் வீட்டுக்காரர், 'கிழவியாகறே, சிரிப்பென்ன வேண்டிக்கிடக்கு'ன்னார். அவருக்கு எப்படிப் புரியும்? எங்க வீட்டுல கிழவின்னு ஒருத்தியை யாரும் பார்த்ததே இல்லீங்க. நரைச்ச தலைன்னா அது நான்தான் முதல். அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு வருஷமும் எங்கம்மா பார்க்காத வருஷம். அதை நான் பன்னு சுட்டே கழிச்சேன். சந்தோஷமாத்தான் கழிச்சேன். இப்ப என் பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுக்கணும்னு நினைக்கறேன். இது தப்பா?"

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசியபோது அவர் குரலில் முன்பிருந்த விறைப்பு இல்லை. ஆனாலும் மழுப்பவில்லை.

"தப்பில்லம்மா. ஆனா நான் உண்மையைச் சொல்லணும். எந்த ஆபரேஷனுக்கும் ஆபத்து உண்டு. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல். இன்னொண்ணு, சின்ன வயசுக்காரங்க கிட்னி மாதிரி இது அத்தனை வருஷம் ஓடும்னு சொல்ல முடியாது. ஒரு பத்து வருஷம் வரலாம். மேலயும் போகலாம்."

"பத்து வருஷத்துல அவன் பிள்ளைங்க படிச்சு முடிச்சிடும். அதுக்குள்ள நீங்களும் சும்மாவா இருப்பீங்க? வேற ஏதாவது கண்டுபிடிச்சிருப்பீங்க."

இந்தத் தடவை பெரிய டாக்டரும் சிரித்துவிட்டார்.

*

அடுத்து பெரியவனை உள்ளே கூப்பிட்டார்கள்.

கதவு மூடிக்கொண்டது. அம்மாவும் சின்னவளும் வெளியே. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சின்னவள் எழுந்து தாழ்வாரக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடியும் நடந்தாள். அம்மா ஷூவின் நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அவன் 'வேணாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை பரிசோதனையும், மலையேற்றமும், பேச்சும் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

கதவு திறந்தது. கிட்னி டாக்டரம்மா தலையை நீட்டி, "ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றார்.

பெரியவன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் பஞ்சு ஒட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய டாக்டர் எழுந்து நின்றார்.

"நாங்க மூணு பேரும் ஒத்துக்கறோம். உங்க மகனும் ஒத்துக்கிட்டார். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன்."

சின்னவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி என்ன தோன்றியதோ, கழுத்திலிருந்த விசிலை எடுத்து வாயில் வைத்து ஒரு ஊது ஊதிவிட்டாள். மூன்று டாக்டர்களும் தூக்கிவாரிப்போட்டது போல் நிமிர்ந்தார்கள். வெளியே தாழ்வாரத்தில் யாரோ "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க டாக்டர்! பழக்க தோஷம்!"

பெரியவன் சிரித்தான். வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அவன் இப்படிச் சிரித்து அம்மா எவ்வளவு காலமாகப் பார்க்கவில்லை! சாம்பல் பூசிய அந்த முகத்துக்கு அடியிலிருந்து பழைய முகம் எட்டிப் பார்த்தது.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "எப்படிடா ஒத்துக்கிட்டே?"

"நான் பெரிய டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். 'உங்கம்மாவா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க'ன்னு."

"என்ன சொன்னார்?"

"'எங்கம்மாவும் என் பேச்சைக் கேக்க மாட்டாங்க'ன்னார்."

தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி மூன்று பேரும் சிரித்தார்கள். பிறகு அவன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்பத்து நாலு வயது ஆள், அம்மாவை விட ஒரு தலை உயரமானவன், குனிந்து வளைந்து அப்படி நின்றான். மாவு வாசனை இன்னும் அவள் மேல் இருந்திருக்க வேண்டும். நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டான்.

"உன் பொண்டாட்டிக்கு போன் பண்ணு," என்றாள் அம்மா, அவன் முதுகைத் தட்டிக்கொண்டே. "அவ அங்கே அடுப்புக் கதவைத் திறந்து திறந்து பார்த்துட்டு இருப்பா."

அவன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். 'சரின்னுட்டாங்க, சரின்னுட்டாங்க' என்று அவன் சொல்வதும், அந்தப் பக்கம் மருமகள் ஓவென்று கத்துவதும் இங்கே வரை கேட்டது.

*

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் மாட்டினாள். "வாம்மா, கிளம்பலாம். கீழே டாக்ஸியைக் கூப்பிடறேன்."

அம்மா நகரவில்லை. மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி என்றால் மாவு பிசைந்த கையின் பிடி.

"கீழே போகலை. இந்தப் பக்கம்."

"எங்கே?"

"ரத்தம் எடுக்கற இடம். கடைசி அறை. இத்தனை வாரமா அங்கேதானே என்னைக் குத்திக்கிட்டு இருக்காங்க, எனக்குத் தெரியாதா வழி?"

"இன்னிக்கு வேணாம்மா! இன்னிக்கு நல்ல நாள். நான் சாப்பிட்டு வேற வந்திருக்கேன்."

"மூணு மாசத்துச் சர்க்கரையைக் காட்டற டெஸ்டுக்குச் சாப்பிட்டாலும் ஒண்ணுதான், சாப்பிடாட்டியும் ஒண்ணுதான். நர்ஸு சொல்லியிருக்கா. நட."

"நாளைக்கு வரேன், சத்தியமா…"

"ஒரு கிட்னியை உங்கண்ணனுக்குக் கொடுத்துடறேன். மிச்சம் இருக்கறது ஒண்ணு. அது எனக்கு வேணும். உனக்குக் கொடுக்க என்கிட்ட வேற இல்லடி. புரியுதா?"

அதட்டலாகத்தான் சொன்னாள். ஆனால் சின்னவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னப் பெண்ணைப் போலக் கூடவே நடந்து வந்தாள்.

கடைசி அறையில் கூட்டமில்லை. அம்மாவைப் பார்த்ததும் நர்ஸ், "மறுபடியும் நீங்களா?" என்று ஊசியை எடுத்தாள். "நான் இல்ல, என் பொண்ணு" என்று மகளை முன்னால் தள்ளினாள் அம்மா. "ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்துடு. எங்க வீட்டுல அதுவும் உண்டு." சின்னவள் திரும்பி ஒருமுறை பார்த்தாள். திரை இழுபட்டது.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பெரியவன் இன்னும் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு கையை ஆட்டி ஆட்டி, யாரோ ஜெயித்த பந்தயத்தை விவரிப்பது போல. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது. ஒன்றைக் கரையேற்றியாயிற்று.

உள்ளே ரத்த அழுத்தப் பட்டையில் காற்றடிக்கும் 'புஸ் புஸ்' சத்தம் கேட்டது. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் காற்றடித்தார்கள். அப்புறம் இன்னொரு முறை.

திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். சற்று முன்பிருந்த சிரிப்பு முகத்தில் இல்லை.

"இவங்க கூட வந்தது யாரு? கொஞ்சம் உள்ள வாங்க. டாக்டரையும் கூப்பிட்டிருக்கேன்."

பெரியவன் போனை இறக்கிக்கொண்டு திரும்பினான். அவன் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள். "அவளோட அம்மா."